ஃபைலை அழிக்கப் போனா ‘பர்மிஷன் டினைட்’னு வருதா? உங்க சம்பள ஆவணங்களைப் பத்திரமா சுத்தம் பண்ணுற முறை



வேலை மாறும்போது லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்கணும். இல்ல, பழைய லேப்டாப்பை ஓஎல்எக்ஸ்ல விற்கப் போறீங்க. உள்ள என்னென்ன இருக்கு? மாசா மாசம் டவுன்லோட் பண்ண பே ஸ்லிப், ஃபார்ம் 16, பான் கார்டு, ஆதார் நகல், மியூச்சுவல் ஃபண்ட் ஸ்டேட்மென்ட், வீட்டுக் கடனுக்குக் கொடுத்த ஆறு மாச பேங்க் ஸ்டேட்மென்ட். இதெல்லாம் வேற ஒருத்தர் கையில கிடைச்சா, உங்க பேர்ல கடன் வாங்கத் தேவையான மொத்த ஆவணமும் அவர்கிட்ட இருக்குன்னு அர்த்தம்.

சரி, டெர்மினலைத் திறந்து எல்லாத்தையும் அழிச்சிடலாம்னு உட்கார்ந்தா, “அனுமதி மறுக்கப்பட்டது”ன்னு ஒரு வரி வந்து நிக்குது. அந்த இடத்துல நிறைய பேர் நெட்ல கிடைச்ச ஏதோ ஒரு கட்டளையை முன்னாடி ‘சுடோ’ சேர்த்து அடிச்சிடறாங்க. அதுலதான் ஆபத்து இருக்கு. அழிய வேண்டியது மட்டும் அழியணும், இருக்க வேண்டியது இருக்கணும். அதை எப்படிப் பண்ணுறதுன்னு இன்னிக்குப் படிப்படியா பார்ப்போம்.

ஒரு குறிப்பு: கட்டளைகளை இங்க தமிழ்ல, ஒலிக்கிற மாதிரி எழுதியிருக்கேன். நீங்க டைப் பண்ணும்போது ஆங்கிலச் சின்ன எழுத்துல அடிக்கணும். ‘ஆர்எம்’னா ஆர், எம் ரெண்டு எழுத்து. ‘எல்எஸ்’னா எல், எஸ். ‘சிஹெச்மாட்’னா சி, ஹெச், எம், ஓ, டி. ‘சிஹெச்ஓன்’னா சி, ஹெச், ஓ, டபிள்யூ, என்.

முதல் கேள்வி: இதை அழிக்கலாமா?

அனுமதிப் பிரச்சனையைத் தீர்க்குறதுக்கு முன்னாடி இந்தக் கேள்விக்குப் பதில் வேணும். ஏன்னா டெர்மினல்ல ‘ஆர்எம்’ போட்டு அழிச்சது குப்பைத்தொட்டிக்குப் போகாது. நேரா போயிடும்.

1961-ம் வருஷ வருமான வரிச் சட்டத்துல 2024 செப்டம்பர் 1 முதல் வந்த மாற்றப்படி, மதிப்பீட்டு ஆண்டு முடிஞ்சதுல இருந்து பொதுவா 3 வருஷம் 3 மாசம் வரைக்கும் மறுமதிப்பீட்டு நோட்டீஸ் வரலாம். விடுபட்ட வருமானம் 50 லட்சம் ரூபாய் அல்லது அதுக்கு மேலன்னா 5 வருஷம் 3 மாசம். உதாரணமா, 2023-24 நிதியாண்டுக்கான மதிப்பீட்டு ஆண்டு 2025 மார்ச் 31-ல முடியுது. அப்போ சாதாரணமா 2028 ஜூன் 30 வரை, பெரிய தொகைன்னா 2030 ஜூன் 30 வரை கணக்கு உயிரோட இருக்கு.

அதனால ஒரு எளிய பிரிவு வெச்சுக்கங்க:

- அழிக்கக் கூடாதது: வீட்டுப் பத்திரம், கடன் முடிச்ச சான்று, பங்கு அல்லது ஃபண்ட் வாங்கின ஆதாரம். கடைசியா சொன்னது, வித்து அந்த வருஷ வரிக் கணக்கோட காலம் முடியுற வரைக்கும் வேணும்.
- நகல் எடுத்துட்டு அழிக்கலாம்: பே ஸ்லிப், ஃபார்ம் 16, முதலீட்டு ஆதாரம். வேலையை விட்ட பிறகு பழைய கம்பெனி போர்ட்டல் திறக்காது. கடைசி நாளுக்கு முன்னாடியே எடுத்துடுங்க.
- திரும்ப எடுத்துக்கலாம், அழிக்கலாம்: 26ஏஎஸ், ஏஐஎஸ், பிஎஃப் பாஸ்புக், ஃபண்ட் ஸ்டேட்மென்ட். இதெல்லாம் அந்தந்த தளத்துல மறுபடி கிடைக்கும்.

நகலை எங்க வெச்சீங்களோ அங்க போய் ரெண்டு ஃபைலைத் திறந்து பாருங்க. திறந்தாதான் அது நகல்.

அழிக்கிறதுன்னா உள்ள என்ன நடக்குது?

இதைப் புரிஞ்சுக்கிட்டா பாதிப் பிரச்சனை முடிஞ்சது.

நம்ம ஊர்ல விஏஓ ஆபீஸ்ல ‘அ பதிவேடு’ இருக்கும், பார்த்திருப்பீங்க. எந்த சர்வே நம்பர், எவ்வளவு பரப்பு, யார் பேர்ல இருக்குன்னு வரிசையா எழுதியிருக்கும். நிலம் உங்களுது, பட்டா உங்க பேர்லதான். அதுக்காக நீங்களே போய் அந்தப் பதிவேட்டுல ஒரு வரியை அடிக்க முடியுமா? முடியாது. பதிவேட்டுல எழுதுற உரிமை யாருக்கு இருக்கோ அவர்தான் அடிக்கணும்.

லினக்ஸ்லயும் மேக்லயும் ஃபோல்டர் அப்படி ஒரு பதிவேடு. உள்ள இருக்கிறது ஃபைல்களோட பெயர்ப் பட்டியல். ஒரு ஃபைலை அழிக்கிறதுன்னா அந்தப் பட்டியல்ல இருந்து பெயரை அடிக்கிறது. அதனால ஃபைலை அழிக்க, அந்த ஃபைல் மேல உள்ள அனுமதி முக்கியம் இல்ல. அது இருக்கிற ஃபோல்டர்ல எழுதுற அனுமதியும், உள்ள நுழையுற அனுமதியும் வேணும்.

பலர் தடுமாறுறது இங்கதான். ஃபைல் மேல ‘சிஹெச்மாட்’ போட்டுப் போட்டுப் பார்ப்பாங்க, அதே பிழை திரும்பத் திரும்ப வரும். பூட்டு வேற இடத்துல இருக்கு.

பிழைச் செய்தியை முழுசா படிங்க

எல்லாம் ஒரே மாதிரி தெரியும். ஆனா ஒவ்வொண்ணும் வேற காரணம்.

1. ‘பர்மிஷன் டினைட்’: பெரும்பாலும் ஃபோல்டர்ல உங்களுக்கு எழுதுற உரிமை இல்ல.
2. ‘ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்’: சாதாரண அனுமதி சரியா இருந்தும், அதுக்கு மேல இன்னொரு பாதுகாப்பு தடுக்குது.
3. ‘ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்’: மொத்த டிரைவும் படிக்க மட்டும்ங்கிற நிலையில இருக்கு. மெமரி கார்டு அடாப்டரோட பக்கத்துல இருக்கிற சின்ன லாக் பட்டனைப் பாருங்க. விண்டோஸை முழுசா ஷட்டவுன் பண்ணாம ஹைபர்னேட்ல விட்ட டிரைவை லினக்ஸ்ல திறந்தாலும் இப்படி வரும். இதுக்கு ‘சிஹெச்மாட்’ மருந்து இல்ல.
4. விண்டோஸ்ல ‘வேற ஒரு புரோகிராம் இதைப் பயன்படுத்துது’ங்கிற செய்தி: அனுமதிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. எக்செல்ல அந்த ஃபைல் திறந்திருக்கும். மூடினா போதும்.

ஒரு உதாரணத்தோட சரி பண்ணுவோம்

நீங்க மாசச் செலவைக் கணக்குப் போட ஒரு சின்ன பைதான் ஸ்கிரிப்ட் வெச்சிருக்கீங்கன்னு வெச்சுக்குவோம். ஒருநாள் ஏதோ அவசரத்துல அதை ‘சுடோ’ போட்டு ஓட்டிட்டீங்க. அது ‘செலவு’ன்னு ஒரு ஃபோல்டரை உருவாக்கி, உள்ள பேங்க் ஸ்டேட்மென்டைப் பிரிச்சு வெச்சது. (லினக்ஸ்ல ஃபோல்டருக்குத் தமிழ்லயே பேர் வைக்கலாம், தாராளமா வேலை செய்யும்.) இப்போ அழிக்கப் போனா ‘பர்மிஷன் டினைட்’.

*படி 1: நான் யார்?*
‘ஹூஆம்ஐ’ன்னு இடைவெளி இல்லாம அடிங்க. நீங்க எந்தப் பெயர்ல உள்ள இருக்கீங்கன்னு காட்டும்.

*படி 2: பதிவேடு யாருது?*
‘எல்எஸ் -எல்டி செலவு’. இதுல ‘டி’ எழுத்து முக்கியம். அது இல்லன்னா ஃபோல்டருக்கு உள்ள இருக்கிறதைக் காட்டும். அது இருந்தாதான் ஃபோல்டரோட விவரத்தைக் காட்டும்.

வர்ற வரியில மூணு மூணு எழுத்தா மூணு கூட்டம் இருக்கும். முதல் கூட்டம் உரிமையாளருக்கு, ரெண்டாவது அவரோட குழுவுக்கு, மூணாவது மத்த எல்லாருக்கும். ஆர்னா படிக்கலாம், மதிப்பு 4. டபிள்யூன்னா எழுதலாம், மதிப்பு 2. எக்ஸ்னா ஃபோல்டருக்குள்ள நுழையலாம், மதிப்பு 1. கூட்டிப் பார்த்தா 755-ன்னு வருதுன்னு வெச்சுக்குவோம். உரிமையாளருக்கு 7, அதாவது எல்லாம். குழுவுக்கும் மத்தவங்களுக்கும் 5, அதாவது 4+1. எழுதுற 2 இல்ல.

பக்கத்துல உரிமையாளர் பெயர் ‘ரூட்’னு இருக்கு. சுடோ போட்டு ஓட்டினதால ஃபோல்டர் ரூட் பேர்ல உருவாகியிருக்கு. நீங்க இங்க ‘மத்தவங்க’. உங்களுக்கு 5. படிக்கலாம், நுழையலாம், பெயரை அடிக்க முடியாது. காரணம் கிடைச்சாச்சு.

*படி 3: உரிமையை மாத்துங்க, அழிக்கிறதை சாதாரணமா பண்ணுங்க.*
‘சுடோ சிஹெச்ஓன் -ஆர் உங்கபெயர் செலவு’. இங்க மட்டும் ‘ஆர்’ பெரிய எழுத்து. உள்ள இருக்கிற எல்லாத்துக்கும் சேர்த்துங்கிறது அதோட அர்த்தம். உங்கபெயர்ங்கிற இடத்துல படி 1-ல வந்த பெயர். அப்புறம் சுடோ இல்லாம ‘ஆர்எம் -ஆர்ஐ செலவு’. இதுல ‘ஐ’ இருக்கிறதால ஒவ்வொண்ணா கேட்டுக் கேட்டு அழிக்கும்.

“நேரா ‘சுடோ ஆர்எம்’ போட்டா ஒரே வரியில முடியுமே?”ன்னு கேட்பீங்க. முடியும். ஆனா சுடோவுக்கு முன்னாடி சாதாரண அனுமதித் தடை எதுவும் நிக்காது. பாதை தப்பா அடிச்சாலும் அழிச்சிடும். உரிமையை மட்டும் சுடோவால வாங்கிட்டு, அழிக்கிறதை உங்க சொந்தப் பெயர்ல பண்ணா, தப்பா அடிச்சாலும் சிஸ்டம் ஃபைல்களை உங்களால தொட முடியாது. அந்த ‘பர்மிஷன் டினைட்’ அப்போ உங்களைக் காப்பாத்துற வேலையைச் செய்யும்.

*ஃபோல்டர் உங்க பேர்லயே இருந்து, எழுதுற உரிமை மட்டும் இல்லன்னா:* 555-ன்னு காட்டும். ‘சிஹெச்மாட் யூ+டபிள்யூ செலவு’ போதும். உரிமையாளர் நீங்களே, சுடோ தேவையில்ல.

ரெண்டு தப்பான நம்பிக்கை

*‘777 போட்டா எல்லாம் சரியாயிடும்.’* அந்த மெஷின்ல கணக்கு வெச்சிருக்கிற யார் வேணும்னாலும் படிக்கலாம், எழுதலாம்னு அர்த்தம். பான் நகல் இருக்கிற ஃபோல்டருக்கு 777 போடுறது, ஏடிஎம் கார்டு மேல பின் நம்பரை எழுதி வைக்கிற மாதிரி. பண ஆவணங்களுக்கு 700 வைங்க. உங்களுக்கு மட்டும் எல்லாம், மத்தவங்களுக்கு பூஜ்யம்.

*‘-எஃப் சேர்த்தா வலுக்கட்டாயமா அழிக்கும்.’* ‘எஃப்’ எந்த அனுமதியையும் தராது. கேள்வி கேட்கிறதை மட்டும் நிறுத்தும். உரிமை இல்லன்னா அப்பவும் அழியாது. உரிமை இருந்தா, “நிச்சயமா?”ன்னு ஒரு வார்த்தை கேட்காம அழிச்சிடும்.

உரிமை இருந்தும் முடியலையா? சித்தன்னவாசலைப் பாருங்க

புதுக்கோட்டையில இருந்து அன்னவாசல் போற வழியில சித்தன்னவாசல். ஏழடிப்பட்டத்துல சமண முனிவர்களோட 17 கல் படுக்கைகள், அறிவர் கோயில்ல 9-ம் நூற்றாண்டு ஓவியம், தாமரைக் குளம், மீன், யானை, பூப்பறிக்கிற மனுஷங்க. இந்தியத் தொல்லியல் துறையோட பாதுகாப்புல இருக்கு.

இந்த மாதிரி நினைவுச்சின்னங்களுக்கு 1958-ம் வருஷச் சட்டம், 2010 திருத்தத்தோட சேர்த்து ஒரு விதி சொல்லுது. பாதுகாக்கப்பட்ட எல்லையில இருந்து 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி. அதுக்கு அப்புறம் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. 100 மீட்டருக்குள்ள நிலம் உங்க பேர்ல இருக்கலாம், பட்டா, பத்திரம் எல்லாம் சுத்தமா இருக்கலாம். ஆனாலும் புதுசா வீடு கட்ட முடியாது. அடுத்த 200 மீட்டர்ல கட்டணும்னா முன் அனுமதி வாங்கணும். உரிமை உங்களுது, ஆனா அதுக்கு மேல ஒரு பாதுகாப்பு இருக்கு.

‘ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்’டும் இதேதான். லினக்ஸ்ல ஒரு ஃபைலுக்கு ‘மாறாத’ங்கிற குறி போடலாம். போட்டுட்டா ரூட் கூட அழிக்க முடியாது. ‘எல்எஸ்ஏடிடிஆர்’ அடிச்சா அந்த ஃபைல் வரியில ‘ஐ’ன்னு ஒரு எழுத்து தெரியும். ‘சுடோ சிஹெச்ஏடிடிஆர் -ஐ ஃபைல்பெயர்’னு அடிச்சா குறி போயிடும், அப்புறம் அழியும். எடுக்கிறதுக்கு முன்னாடி யாரோ ஏன் அந்தக் குறியைப் போட்டாங்கன்னு யோசிங்க. தானா அது விழாது.

எல்லாரும் பயன்படுத்துற ‘டெம்ப்’ ஃபோல்டர்ல இன்னொரு விதி. எல்லாருக்கும் எழுத உரிமை இருக்கும், ஆனா ஒருத்தர் ஃபைலை இன்னொருத்தர் அழிக்க முடியாது. அனுமதி வரிசையோட கடைசியில ‘டி’ எழுத்து இருந்தா இதுதான் காரணம்.

மேக்ல இதே செய்தி வந்தா, சிஸ்டம் செட்டிங்ஸ்ல பிரைவசி பகுதிக்குப் போய் டெர்மினலுக்கு ‘ஃபுல் டிஸ்க் ஆக்சஸ்’ இருக்கான்னு பாருங்க. வேலை முடிஞ்சதும் அதை அணைச்சிடுங்க.

(பண விஷயமா ஒரு வரி: இப்படி ஒரு சின்னத்துக்குப் பக்கத்துல மனை வாங்கப் போறீங்கன்னா வில்லங்கச் சான்று மட்டும் பார்த்துட்டு முன்பணம் கொடுக்காதீங்க. வில்லங்கச் சான்று பதிவான பத்திரங்களைத்தான் காட்டும். 300 மீட்டர் கணக்கைத் தனியா விசாரிங்க.)

விண்டோஸ் வெச்சிருக்கவங்களுக்கு

விண்டோஸ்ல விதி கொஞ்சம் வேற. ஃபைல் மேல அழிக்கிற உரிமை இருந்தாலும் போதும், ஃபோல்டர் மேல உள்ளே இருக்கிறதை அழிக்கிற உரிமை இருந்தாலும் போதும். ரெண்டும் இல்லன்னா ‘ஆக்சஸ் இஸ் டினைட்’.

1. அந்த ஃபைலைத் திறந்து வெச்சிருக்கிற எல்லாத்தையும் மூடுங்க.
2. ‘ஆட்ரிப் -ஆர் ஃபைல்பெயர்’. படிக்க மட்டும்ங்கிற குறி போயிடும். நிறைய நேரம் இதோடயே முடிஞ்சிடும்.
3. முடியலன்னா கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டரா திறந்து ‘டேக்ஓன் /எஃப் ஃபைல்பெயர்’. உரிமை உங்க கைக்கு வரும்.
4. உரிமை வந்தாலும் அனுமதி தனியா கொடுக்கணும். ‘ஐசிஏசிஎல்எஸ் ஃபைல்பெயர் /கிராண்ட் உங்கபெயர்:எஃப்’. இங்க ‘எஃப்’ பெரிய எழுத்து, முழு அனுமதின்னு அர்த்தம்.
5. இப்போ ‘டெல் ஃபைல்பெயர்’.

விண்டோஸ் சிஸ்டம் ஃபோல்டர், புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டர் ரெண்டுலயும் இதைப் பண்ணாதீங்க. உங்க ஆவணம் அங்க இருக்கப் போறதில்ல.

முக்கியமான எச்சரிக்கை: ஒன்டிரைவ் மாதிரி கிளவுடோட இணைஞ்ச ஃபோல்டர்ல அழிச்சா, கிளவுட்லயும் உங்க மத்த லேப்டாப்லயும் சேர்ந்தே அழியும். “நகல் கிளவுட்ல இருக்கே”ன்னு நம்பி அழிக்கிறவங்க மாட்டுறது இதுலதான். முதல்ல இணைப்பைத் துண்டிங்க.

ஒரு வரி கட்டளைக்கு எவ்வளவு விலை?

2017 ஜனவரி 31. கிட்லேப் நிறுவனத்துல ராத்திரி நேரத்துல டேட்டாபேஸ் பிரச்சனையைச் சரி பண்ணிக்கிட்டிருந்த ஒரு பொறியாளர், தப்பான சர்வர்ல ஃபோல்டரை அழிக்கிற கட்டளையைக் கொடுத்துட்டார். கவனிச்சு நிறுத்துறதுக்குள்ள சுமார் 300 ஜிபியில 4.5 ஜிபிதான் மிச்சம். பேக்கப் வழிகள் பல இருந்தும் ஒழுங்கா வேலை செய்யல. தற்செயலா ஆறு மணி நேரத்துக்கு முன்னாடி எடுத்த ஒரு நகல்தான் காப்பாத்துச்சு. இதையெல்லாம் அந்த நிறுவனமே வெளிப்படையா எழுதி வெளியிட்டாங்க.

அனுபவமுள்ள பொறியாளருக்கே அப்படின்னா, நமக்கு மூணு பழக்கம் வேணும்:

- ‘ஆர்எம்’க்கு முன்னாடி அதே வரியை ‘எல்எஸ்’ வெச்சு அடிங்க. வர்ற பட்டியல்தான் அழியப் போகுது. பார்த்துட்டு அப்புறம் மாத்துங்க.
- ஃபைல் பெயர்ல இடைவெளி இருந்தா மேற்கோள் குறிக்குள்ள போடுங்க. ‘ஃபார்ம் 16 2023’ன்னு சும்மா அடிச்சா ‘ஃபார்ம்’, ‘16’, ‘2023’னு மூணு தனி ஃபைலா எடுத்துக்கும். ‘2023’ங்கிற பேர்ல வேற முக்கியமான ஃபைல் இருந்தா அது போயிடும்.
- நட்சத்திரக் குறியும் சுடோவும் ஒரே வரியில வேண்டவே வேண்டாம்.

அழிச்சாச்சு. உண்மையிலேயே போயிடுச்சா?

பதிவேட்டுல வரியை அடிச்சா நிலம் காணாமப் போயிடுமா? போகாது. ஃபைலும் அப்படித்தான். பெயர் போயிடும், உள்ள இருந்த தகவல் வேற ஏதாவது அதுமேல எழுதப்படுற வரைக்கும் டிஸ்க்ல கிடக்கலாம். மீட்டெடுக்குற மென்பொருள் வெச்சு எடுத்துடலாம். எஸ்எஸ்டி டிரைவ்ல மேலெழுதி அழிக்கிற கருவிகளையும் முழுசா நம்ப முடியாது.

அதனால லேப்டாப்பை விற்கப் போறீங்கன்னா ஃபைல் ஃபைலா அழிக்கிறதோட நிறுத்தாதீங்க. விண்டோஸ்ல பிட்லாக்கர், மேக்ல ஃபைல்வால்ட், லினக்ஸ்ல இன்ஸ்டால் பண்ணும்போதே முழு டிஸ்க் என்கிரிப்ஷன். இதை வாங்கின முதல் நாளே போட்டுடுங்க. விற்கும்போது முழு ரீசெட். சாவி போயிட்டா, மிச்சம் கிடக்குற தகவல் யாருக்கும் புரியாத எழுத்துக் குவியல்தான்.

ஆபீஸ் லேப்டாப்னா விதி வேற

அது உங்க மெஷின் இல்ல. அங்க அனுமதி மறுக்கப்பட்டா, அதை உடைக்க வழி தேடாதீங்க. நோட்டீஸ் பீரியட்ல இருக்கிறவர் அட்மின் உரிமை வாங்கி ஃபைல் அழிச்சார்னு பதிவானா, விளக்கம் சொல்ல வேண்டியது நீங்க. செட்டில்மென்ட் தள்ளிப் போகலாம். இப்படிப் பண்ணுங்க: உங்க சொந்த ஆவணங்களை மட்டும் பட்டியல் போடுங்க. உங்களால அழிக்க முடிஞ்சதை அழிங்க. முடியாததை ஐடி டீமுக்கு மெயில்ல எழுதி, அழிச்சுத் தரச் சொல்லுங்க. பதிலைப் பத்திரப்படுத்துங்க. கம்பெனி ஃபைலைத் தொடாதீங்க.

இன்னிக்கே 15 நிமிஷ வேலை

1. டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்து பே ஸ்லிப், பான், ஆதார், ஸ்டேட்மென்ட் எல்லாத்தையும் ஒரே ஃபோல்டருக்கு நகர்த்துங்க.
2. அந்த ஃபோல்டருக்கு 700 போடுங்க.
3. வெக்க வேண்டியது, நகல் எடுக்க வேண்டியது, அழிக்க வேண்டியதுன்னு மூணாப் பிரிங்க.
4. நகலைத் திறந்து பார்த்த பிறகு மட்டும் அழிங்க.
5. பிழை வந்தா கட்டளையைத் தேடாதீங்க, செய்தியைப் படிங்க. யார் நான், பதிவேடு யாருது, மேல வேற பாதுகாப்பு இருக்கா. இந்த மூணு கேள்வியில பதில் இருக்கும்.

சம்பாதிக்கிற பணத்தைப் பாதுகாக்கிற மாதிரியே, அந்தப் பணத்தோட காகிதத்தையும் பாதுகாக்கணும். ‘அனுமதி இல்லை’ன்னு சிஸ்டம் சொல்றப்போ ஒரு நிமிஷம் நின்னு காரணத்தைக் கேளுங்க. அந்த ஒரு நிமிஷத்துல ஒரு வருஷ ஆவணம் தப்பிச்சிடும். நம்ம சேனல் வீடியோல இதே ‘செலவு’ ஃபோல்டரைத் திரையில வெச்சு ஒவ்வொரு படியா செய்து காட்டியிருக்கோம். ஒரு வெறும் ஃபோல்டரை உருவாக்கி அதுல பழகிட்டு, அப்புறம் உண்மையான ஆவணத்துல கை வைங்க.